அப்பா படுத்தால் நிற்கும் வான்

தம்பி,

அப்பா உள்ளே இரத்தம் சுத்திகரிக்கிற மெசினில் படுத்திருக்கிறார். நான் ஆசுப்பத்திரி மதிலோரம், வேப்பமர நிழலில் எங்கள் வானை நிறுத்திவிட்டு, அதற்குள் நீ அவருக்காகச் செய்து பூட்டிய பலகைக் கட்டிலில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் போன் எந்நேரமும் அவருடைய தலைமாட்டில் கிடக்கிறது. உன்னோடு நான் எதைக் கதைத்தாலும் அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். நீயும் என்னை முழுதாய்ச் சொல்லி முடிக்க விடமாட்டாய். பாதியிலேயே "சரி அம்மா, விளங்குது" என்பாய். இந்தமுறை கடைசிவரை வாசி. பாதியில் எனக்குப் போன் எடுக்காதே.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வான் ஏன் இடையிடையே நின்றுபோனது என்று கண்டுபிடித்துவிட்டோம். கட்டிலைத் தளத்தோடு சேர்த்து நீ இறுக்கிய போல்ட்டுகளில் ஒன்றுதான் காரணம். உனக்கு இதைச் சொல்லவேண்டாம் என்று அப்பா சொல்லியிருக்கிறார். ஆனால் வான் திருத்துகிற கராச்சில் நாலு பேருக்குத் தெரிந்த கதை கனடாவில் இருக்கிற உன்னிடம் வர எவ்வளவு நேரமாகும். "உன்ரை போல்ட்டாலைதான் கொப்பர் சாகப் பாத்தவர்" என்று யாராவது ஒருவர் சிரித்துக்கொண்டு உன்னிடம் சொல்வதற்கு முன்னால், நடந்ததை நடந்தபடி நீ என்னிடமிருந்தே கேட்டுக்கொள். கலியாணம் செய்யப் போகிறாய். அதற்கு முதல் இந்தக் கதை உனக்குத் தெரியவேண்டும் என்று எனக்குப் படுகிறது. ஏன் என்பதை நீயே போகப்போக அறிந்துகொள்வாய்.

போன வருஷம் நீ வந்து நின்றபோது அப்பா இவ்வளவுக்கு விழவில்லை. கிழமையில் இரண்டு தரம் உடுவிலிலிருந்து யாழ்ப்பாணம் டவுனுக்குப் போய், இரத்தம் சுத்திகரித்துவிட்டு, முன் சீட்டில் எனக்குப் பக்கத்தில் இருந்துகொண்டே திரும்பி வருவார். வழி முழுக்க என் ஓட்டத்தில் பிழை பிடிப்பார். காலமெல்லாம் இதே வானில் ஹயர் ஓடின மனுசன், கலியாண வீட்டுக்காரரையும் கீரிமலைக்குப் போகிறவர்களையும் பிள்ளைப்பெற்ற பெண்களையும் ஏற்றி இறக்கினவர், இப்போது மற்றவர் ஓட்டப் பார்த்துக்கொண்டிருப்பது லேசில்லை. மற்றப் பெண்கள் கண்ணாடி மாற்றிக்கொண்டு வீட்டோடு இருக்கிற வயதில் நான் சாரதிப் பத்திரம் எடுத்தேன். அவர்தான் பழக்கினார். பழக்கினார் என்ன, ஏசினார். நான் அழுதுகொண்டு பழகினேன். வேறு வழி இருக்கவில்லை. ஓட்டோவில் ஏற்றினால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவருக்கு வயிறு குமட்டிச் சத்தி வரும், ஊசி ஏற்றின கையில் திரும்பவும் இரத்தம் கசியும்.

நீ அதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் நடுச் சீட்டைக் கழற்றிப் பலகை வாங்கி, அவருடைய உயரத்துக்கு அளந்து, இந்தக் கட்டிலைச் செய்தாய். அவர் வேண்டாம் வேண்டாம் என்றுதான் சொன்னார். நீ போன பிறகு ஒருநாள், மெசினிலிருந்து இறங்கினவர் நிற்க ஏலாமல், "கொஞ்சம் படுத்துக்கொண்டு வாறன்" என்று என்னிடம் கேட்டுவிட்டுப் பின்னால் ஏறிப் படுத்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு தரமும் அப்படித்தான். போகும்போது முன்னுக்கு இருந்து போவார். உடம்பில் நீர் நிறைந்திருக்கிறபோது அவருக்குப் படுக்க முடியாது, மூச்சு முட்டும். வரும்போது நீர் எல்லாம் எடுத்து, உடம்பு துவண்டு, பின்னால் படுத்துக்கொண்டு வருவார்.

வான் முதல் தரம் நின்றது இணுவிலில். மாரி மழை முடிந்த கையோடு, திரும்பி வரும் வழியில். எஞ்சின் இரண்டு தரம் குலுங்கியது, பிறகு சத்தமில்லை. பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடிக்கிறான். ஸ்டார்ட் பண்ண நான் திறப்பைத் திருப்பத் திருப்ப அது முனகுகிறதே தவிரப் பற்றவில்லை. இறங்கிப் பின்னுக்கு ஓடி, கதவைத் திறந்து, அவரைத் தூக்கி இருத்தி, முகத்தைத் துடைத்துவிட்டு, திரும்ப வந்து திறப்பைத் திருப்பினேன். ஒன்றுமே நடக்காததுபோல எஞ்சின் ஓடியது. அதற்குப் பிறகு கொக்குவிலில் நின்றது. மருதனார்மடச் சந்தியில், நாலு பக்கமும் வாகனம் வரும்போது நின்றது. பிறகு கிழமைக்கணக்கில் ஒன்றுமில்லை. இனி நிற்காது என்று நான் மூச்சு விடுகிற நாளில் திரும்ப நின்றது. ஒவ்வொரு தரமும் நான் செய்தது ஒன்றுதான்: ஓடிப்போய் அவரைத் தூக்கி இருத்துவேன், வந்து திறப்பைத் திருப்புவேன், வான் ஓடும். இந்த இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை. பயந்துபோய் நிற்கிறவளுக்கு எதைத்தான் சேர்த்துப் பார்க்கத் தோன்றும்?

கராச்சுக்குக் கொண்டுபோனேன். அந்த மனுசன் நல்லவர். தெல்லிப்பழை வரைக்கும் ஓடிப் பார்த்துவிட்டு வந்து, "அக்கா, வான் சோக்காய் ஓடுது. என்ரை கண்ணுக்கு முன்னாலை நிண்டால்தான் நான் என்னத்தையும் பிடிக்கலாம்" என்றார். ஆனாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிளக் மாற்றினார். அடுத்தமுறை கொயிலை மாற்றினார். அதற்கடுத்தமுறை பெற்றோல் பில்டரை மாற்றி, டாங்கியை இறக்கிக் கழுவிப் பூட்டினார். ஒவ்வொரு தரமும் நான் கும்பிட்டுக்கொண்டு எடுத்துப் போவேன். ஒவ்வொரு தரமும் அது அங்கே ஓடும், எனக்கு நிற்கும். கடைசியில் அவரும் தயங்கித் தயங்கி, "அக்கா, கோவிக்கப்படாது, நீங்கள் ஓடுற விதத்திலை ஏதும்…" என்று இழுத்தார்.

நீயும் அதைத்தான் கேட்டாய். "அம்மா, கிளச்சிலை காலை வைச்சபடி ஓடுறியளோ?" என்று. பிறகு வயதானவர்கள் வாகனம் ஓட்டுவதைப் பற்றி ஒரு வீடியோ அனுப்பினாய். அப்பா இன்னும் மோசம். பின்னால் படுத்துக்கொண்டே, "நீர் கியர் மாத்தேக்கை எஞ்சினைத் திணறடிக்கிறீர். அது பாவம், என்ன செய்யும்" என்பார். வானுக்குப் பாவம் பார்ப்பார். எனக்குப் பார்க்கமாட்டார். எல்லோரும் சொன்னால் எனக்கும் அப்படித்தான் தோன்றத் தொடங்கியது. அடுப்படியில் நின்றுகொண்டு என் இடது காலைக் குனிந்து பார்ப்பேன். இது எனக்குத் தெரியாமல் ஏதும் செய்கிறதோ? கதிரையில் இருந்துகொண்டு வெறும் தரையில் கிளச்சை அமத்தி விட்டு, அமத்தி விட்டுப் பழகுவேன். பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலால் பார்த்துவிட்டு, "கால் விறைக்குதோ?" என்று கேட்டா. ஓம் என்றேன். என் கால்தான் என் புருஷனைக் கொல்லப் பார்க்கிறது என்று அவவிடம் எப்படிச் சொல்வது?

அந்த நாட்களில் எனக்கு அடிக்கடி ஞாபகம் வந்தது உன்னுடைய சைக்கிள். நீ ரியூசனுக்குப் போகத் தொடங்கின புதிதில், பிறேக் சிலவேளை பிடிக்கவில்லை என்று வந்து சொன்னாய். சைக்கிள் கடைக்காரர் அமத்திப் பார்த்துவிட்டு, நல்லாய்த்தானே பிடிக்குது என்று அனுப்பிவிட்டார். நான்கூட, நீ புதுச் சைக்கிளுக்கு அடி போடுகிறாய் என்றுதான் நினைத்தேன். அப்பா மட்டும் ஹயரை விட்டுவிட்டு, தன் சைக்கிளில் உனக்குப் பின்னாலேயே சுன்னாகம் போய் வந்தார். அன்றைக்குப் பிடித்தது. அடுத்தநாளும் பின்னால் போனார். சந்தைக்குப் பக்கத்தில் வெங்காய லொறி ஒன்றுக்கு முன்னால் பிறேக் விட்டபோது உன் சட்டைக் கொலரைப் பிடித்து இழுத்தது அவருடைய கைதான். கம்பி உள்ளுக்கு நைந்து, ஒரு பக்கம் திருப்பினால் மட்டும் விட்டிருக்கிறது. உனக்கு அப்படிச் செய்த மனுசன் எனக்கு ஏன் செய்யவில்லை என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே எரிச்சல். பிறகுதான் யோசித்தேன், அவர் படுத்திருக்கிறார். படுத்திருக்கிறவர் யாருக்குப் பின்னால் போவார்?

ஒரு ரயில் கடவையில் நடந்ததை நான் உன்னிடம் மறைத்துவிட்டேன். அதையும் இப்போது சொல்கிறேன். பிரதான வீதியில் நின்றால் பின்னால் வருகிறவன் இடித்துவிடுவான் என்ற பயத்தில், திரும்பி வரும்போது நான் உள்ளொழுங்கைகளால் வரப் பழகியிருந்தேன். அந்த வழியில் கேற் இல்லாத ஒரு கடவை இருக்கிறது. தண்டவாளத்துக்கு ஏறுகிற இடம் கொஞ்சம் மேடு. முன் சில்லு தண்டவாளத்தில் ஏறினதும் எஞ்சின் குலுங்கியது. அந்தக் குலுக்கம் எனக்கு நன்றாய்ப் பழகிப்போயிருந்தது. நின்றுவிட்டது. திறப்பைத் திருப்பினேன். பற்றவில்லை. திரும்பவும் திருப்பினேன். அப்போது சுன்னாகப் பக்கம் ரயில் ஊதுகிற சத்தம் கேட்டது.

இறங்கிப் போய் அவரைத் தூக்குவதா? தூக்கி எவ்வளவு தூரம் போவேன்? கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஒரு சனம் இல்லை, தோட்டவெளி. நான் கதவைத் திறக்கப் போக, பின்னாலிருந்து அவர் சத்தம் போடாமல், ஹயருக்கு வழி சொல்கிறவர் மாதிரிச் சொன்னார்.

"இறங்காதேயும். முதலாம் கியரைப் போடும். கிளச்சை முழுக்க விட்டிட்டு, திறப்பைத் திருப்பிப் பிடியும். விடாதேயும்."

செய்தேன். எஞ்சின் பற்றாமலே, பற்றரியின் பலத்தில், வான் தவளை மாதிரி ஒரு தரம் துள்ளியது. இன்னொரு தரம் துள்ளியது. "பிடியும், பிடியும், விடாதேயும்" என்றார். துள்ளித் துள்ளித் தண்டவாளத்தைத் தாண்டிப் பள்ளத்தில் இறங்கி நின்றது. ரயில் போனபோது வான் முழுக்க நடுங்கியது. ரயில் யன்னலால் ஒரு பிள்ளை கை காட்டிக்கொண்டு போனது. நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. அவர் எழும்பி இருந்து என் தோளைத் தொட்டார். பிறகு திறப்பைத் திருப்ப, வான் ஓடியது.

வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்ததும் அவர் சொன்னார்: "இனி நான் உந்த வானிலை ஏறேல்லை."

"சரி, ஓட்டோ பிடிப்பம்" என்றேன்.

"ஓட்டோவிலையும் ஏறேல்லை."

பக்கத்து வீட்டுத் தம்பி தன் காரைக் கொண்டுவந்து வாசலில் விட்டான். அப்பா அவனுக்குத் தேத்தண்ணி கொடுக்கச் சொல்லிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. வானில் ஏறமாட்டேன் என்று அவர் சொன்னது வானைப் பற்றிய கதை இல்லை. அவருக்குக் களைத்துப்போய்விட்டது. மெசினுக்குப் போவதை நிறுத்த ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தவருக்கு வான் காரணம் கொடுத்துவிட்டது. "உமக்கு நான் ஒரு சாவு வைக்கப் பாத்தன். நாங்கள் ரெண்டு பேரும் போயிருந்தால் அவன் அங்கையிருந்து வந்து என்ன செய்திருப்பான்" என்றார். நான் கெஞ்சினேன், ஏசினேன், சாப்பிடாமல் இருந்தேன். ஒன்றுக்கும் அசையவில்லை. ஒரு முறை மெசினுக்குப் போவது தவறியது. அடுத்ததும் தவறியது. கால் இரண்டும் வீங்கி, விரலால் அமத்தினால் குழி விழுந்தது. படுக்க முடியாமல், கதிரையில் தலையணை அடுக்கி, சாய்ந்தபடி மூச்சு இழுத்துக்கொண்டிருந்தார். நீ அந்த நாளில் போன் எடுத்து, "அப்பாவின்ரை குரல் ஏன் ஒரு மாதிரி?" என்று கேட்டாய். தடிமன், மூக்கடைப்பு என்றேன்.

அப்போது எனக்குப் பிடித்துக்கொள்ள இருந்தது அந்த வான் ஒன்றுதான். வானைச் சரிப்படுத்திவிட்டால் அவருக்குச் சொல்ல வேறு காரணம் இருக்காது. நான் திறப்பை எடுத்துக்கொண்டு தனியாக வெளிக்கிட்டேன். சுன்னாகம் போனேன். திரும்பினேன். இணுவில் போனேன். கொக்குவில் போனேன். அதே கடவையால் ஏறி இறங்கினேன், ரயில் இல்லாத நேரம் பார்த்து. நிற்கவில்லை. அரிசி மூட்டை ஒன்றைக் கட்டிலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு ஓடினேன். நிற்கவில்லை. ஒரு புகையிலைத் தோட்டத்தடியில் நானே வானை நிறுத்திவிட்டு, "நில்லன். ஒருக்கால் நிண்டு காட்டன்" என்று அதோடு வாய்விட்டுக் கதைத்தேன். ஒரு மனுசி, தன் வாகனம் பழுதாக வேண்டும் என்று தெருவில் நின்று அழுகிறாள். கண்டவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ தெரியாது.

வீட்டுக்கு வந்து அவருடைய கதிரைக்குக் கீழே தரையில் இருந்துவிட்டேன். எனக்கு இனி ஒளிக்க ஒன்றுமில்லை. "நான் ஓடினால் அது நிக்குதில்லை. நீங்கள் இருந்தால்தான் நிக்குது" என்றேன்.

பழி சொல்கிறேன் என்று கோவிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் தலையணையிலிருந்து நிமிர்ந்தார். பிறகு மூச்சுக்கு நடுவில் கேட்டார்: "எப்பிடி நிக்கிறது? லைற் அணைச்சமாதிரி டக்கெண்டு நிக்கிறதோ, இல்லை இழுத்து, குலுக்கி நிக்கிறதோ?"

தம்பி, இந்தக் கேள்வியை அதுவரை ஒருவரும் என்னிடம் கேட்டிருக்கவில்லை. எல்லோரும் கேட்டது, இப்ப ஓடுதுதானே என்பது மட்டும்.

"குலுக்கி நிக்கிறது. தண்ணி விடாய்ச்ச மாதிரி."

"அப்ப கறன்ற் பிழை இல்லை. பெற்றோல் போகேல்லை." திரும்பவும் மூச்சு எடுத்தார். "நிண்ட உடனை நீர் என்ன செய்யிறனீர்?"

"உங்களைத் தூக்கி இருத்துறனான்."

"பேந்து?"

"பேந்து திறப்பைத் திருப்புவன். ஓடும்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவது? கிழமைக்கணக்கில் செத்துக் கிடந்த கண்ணில் உயிர் வந்தது. "நான் முன்னுக்கு இருந்து போகேக்கை எப்பவாவது நிண்டதோ?" என்றார். யோசித்தேன். ஒருநாளும் இல்லை. "அப்ப நான் படுத்தால்தான் நிக்குது. என்னைக் கொண்டுபோய் வானுக்கை விடும்" என்றார்.

நான் மாட்டேன் என்றேன். அவருக்கு அப்போது படுக்கிற நிலை இல்லை. நேராகப் படுத்தால் நீரில் தாழ்கிற மாதிரி மூச்சு முட்டும். இன்னொரு மூட்டை வைப்போம், பக்கத்து வீட்டுத் தம்பியைப் படுக்கச் சொல்வோம் என்றேன். "மூட்டை நான் படுக்கிறமாதிரிப் படுக்காது. என்ரை இடுப்பு எங்கை கிடக்குதெண்டு எனக்குத்தான் தெரியும்" என்றார். கதிரையை விட்டு எழும்பினார். அவ்வளவு நாளும் நான் காலைப் பிடித்துக் கெஞ்சியும் எழும்பாத மனுசன், ஒரு பழுதைப் பிடிக்க எழும்பினார்.

முற்றத்தில்தான் வான் நின்றது. எஞ்சினை ஓடவிட்டேன். அவர் கட்டிலில் ஏறி, மெல்ல மெல்லச் சரிந்து, களைப்புக் கூடின நாட்களில் படுக்கிற மாதிரியே இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தார். நெஞ்சுக்குள் கொறகொறவென்று சத்தம் வந்தது. "கீழை போம். டாங்கியிலையிருந்து வாற றப்பர் குழாயைக் கண்டுபிடிச்சுத் தடவிக்கொண்டு வாரும்" என்றார். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வானுக்குக் கீழே ஊர்ந்தேன். சூடும் சேறும். குழாயைப் பிடித்துத் தடவிக்கொண்டே போனேன். கட்டிலின் இடப்பக்கத்துக் காலுக்கு நேர் கீழே, சேறு அப்பிக்கிடந்த இடத்தில், என் விரலில் ஏதோ முட்டியது. தளத்தைத் துளைத்துக்கொண்டு வந்த போல்ட்டின் நுனி. தளம் துருப்பிடித்துத் தகரம் மாதிரி மெலிந்துபோயிருந்தது. அவர் மேலே அசைய, தளம் பணிய, அந்த நுனி இறங்கிக் குழாயை வானின் இரும்புச் சட்டத்தோடு சேர்த்து நசித்தது. என் விரலுக்குக் கீழே குழாய் தட்டையாய்ப் போவதை உணர்ந்தேன். கொஞ்ச நேரத்தில் எஞ்சின் குலுங்கியது. நின்றது.

முற்றத்தில் ஒரு சத்தமும் இல்லை. அவருடைய மூச்சு மட்டும்தான் கேட்டது. "பிடிச்சனீரோ?" என்றார்.

"பிடிச்சிட்டன். எழும்புங்கோ, எழும்பி இருங்கோ."

எழும்பவில்லை. அவருக்கு எழும்ப ஏலவில்லை. நான் கீழேயிருந்து வெளியே வருவதற்குள் உதடு நீலம் பாய்ந்திருந்தது. எப்படித் தூக்கினேன், எப்படி முன் சீட்டுக்குக் கொண்டுவந்தேன் என்று எனக்கே தெரியாது. பக்கத்து வீட்டுத் தம்பி வேலைக்குப் போய்விட்டான். அம்புலன்ஸ் வரும்வரை இருப்பாரா என்று தெரியவில்லை. வானை எடுத்தேன். அவர் இருந்தால் அது நிற்காது என்று இப்போது எனக்குத் தெரியும். தெரிந்தும், ஒவ்வொரு மேட்டிலும் எஞ்சின் சத்தத்துக்குக் காது கொடுத்தேன். அவர் தலை என் தோளில் சரியச் சரிய, ஒரு கையால் நிமிர்த்தி நிமிர்த்தி ஓடினேன். "படுத்திடாதேங்கோ, படுத்திடாதேங்கோ" என்று கத்திக்கொண்டே போனேன். கொக்குவில் தாண்டும்போது அவர் கண்ணைத் திறக்காமல், "இப்ப கியர் நல்லாய் மாத்துறீர்" என்றார்.

ஆசுப்பத்திரியில் ஸ்ரெச்சரோடு ஓடினார்கள். மெசினைத் தவறவிட்டதற்கு டொக்டர் என்னை ஏசினார். ஏசட்டும். இரண்டு நாள் கண்விழிக்காமல் கிடந்தார். பிறகு விழித்தார். இதய பலம் குறைந்துவிட்டது, இனி ஒரு முறைகூடத் தவறக்கூடாது என்றார்கள். கராச்காரர் வந்து போல்ட்டின் நுனியை வெட்டி, குழாயை மாற்றி, தளத்துக்குத் தகடு ஒட்டித் தந்தார். வான் இப்போது எந்த இடத்திலும் நிற்பதில்லை.

நீ இதை வாசித்துவிட்டு அழுவாய் என்று எனக்குத் தெரியும். அழு, ஆனால் ஒன்றை விளங்கிக்கொள். அந்தக் கட்டில் இல்லையென்றால் அவர் எப்போதோ ஆசுப்பத்திரிக்குப் போகாமல் விட்டிருப்பார். அதில் படுத்துக்கொண்டு வரலாம் என்ற நம்பிக்கையில்தான் இவ்வளவு காலமும் போனார். நீ மேலே நின்று துளைத்தாய், கீழே குனிந்து பார்க்கவில்லை. அவ்வளவுதான். இனி எதைச் செய்தாலும் அது மற்றப் பக்கத்தில் எங்கே போய் முட்டுகிறது என்று குனிந்து பார். அந்தப் பிள்ளையோடு வாழப் போகிறாய். அவள் ஒருநாள் வந்து, ஏதோ சரியில்லை என்று சொல்வாள். நீ பார்க்கிற நேரம் எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். அப்போது அவளுடைய காலைக் குறை சொல்லாதே. எப்படி நின்றது என்று கேள். அவளோடு கூடப் போ. அது நிற்கிற நேரம் நீ அங்கே இருக்கவேண்டும். என்னை ஒருவரும் நம்பாத அந்த மாதங்களில் நான் எவ்வளவு தனித்துப்போனேன் என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இதோடு முடிக்கலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நான் இன்றைக்கு இதை எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை, தம்பி. இன்று காலை வரும் வழியில் அப்பா வீதியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவன்ரை கலியாணம் முடியட்டும். அதுவரைக்கும் ஒழுங்காய் வாறன். பேந்து மெசினுக்கு வரச்சொல்லி என்னைக் கேக்காதேயும். எனக்குக் காணும், போதும்." கோபமாய்ச் சொல்லவில்லை. ஹயர் முடிந்து வீட்டுக்கு வருகிறவர் மாதிரிச் சொன்னார். நான் கியரை மாற்றினேன். வான் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு ஓடியது. அந்த இடத்தில் அது நின்றிருந்தால்கூட நல்லாயிருக்கும் என்று நினைத்தேன். நின்றால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியும். இதற்கு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

இதைப் பக்கத்து வீட்டுத் தம்பியின் போனில் படம் பிடித்து இன்றைக்கே உனக்கு அனுப்புவேன். இரவு அவர் உனக்குப் போன் எடுப்பார். முகூர்த்தம் எப்போது என்று கேட்பார். நீ நாள் வைத்துவிட்டாய் என்று எனக்குத் தெரியும், அவருக்கு இன்னும் தெரியாது. மண்டபம் கிடைக்கவில்லை என்று சொல். பெண் வீட்டில் யாருக்கோ சுகமில்லை என்று சொல். அந்தப் பிள்ளையிடமும் சொல்லிவை, அவளும் அதையே சொல்லட்டும். அடுத்த கிழமை கேட்டால் வேறொன்று சொல். கலியாணத்தை அங்கே செய், சந்தோஷமாகச் செய், படங்களை அந்தத் தம்பியின் போனுக்கு அனுப்பு, நான் மட்டும் பார்க்கிறேன். அவரிடம் சொல்லாதே. பெற்ற தகப்பனுக்குப் பொய் சொல்லச் சொல்கிற தாயாக நான் இருப்பேன் என்று நினைத்திருக்கவில்லை.

சில்லுக் கதிரையில் அவரைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். என்னைக் கண்டுவிட்டார், கையைத் தூக்குகிறார். நான் போகவேண்டும். நாள் இன்னும் வைக்கவில்லை என்று சொல், ராசா.

அம்மா